விளங்கிக்கொண்டு வைத்த ஒப்பம்

தயாளினியின் வீட்டில் வெறும் குடம் என்று ஒன்று கிடையாது. குசினி வாசலில் மூன்று குடம், உள்ளே அடுப்படியில் இரண்டு, குளிக்கிற இடத்தில் நீலப் பீப்பா ஒன்று, சாமியறையில்கூட ஒரு செம்பு. எல்லாம் கழுத்துமட்டும் நிரம்பிக் கிடக்கும். பத்தடியில் கிணறு, கிணற்றுக்கு மோட்டர், மோட்டருக்குத் தண்ணீர்த் தாங்கி, இவ்வளவும் இருக்க இதென்ன பழக்கம் என்று ஒழுங்கைச் சனம் பகிடி பண்ணும். "என்ன தயாளினியக்கா, வீட்டிலை கலியாணமோ?" என்று பக்கத்து வளவு ஜெயனி வேலிக்கு மேலால் கேட்பாள். வருடக்கணக்காகக் கேட்கிறாள். தயாளினியும் வருடக்கணக்காகச் சிரித்துவிட்டுப் போகிறாள்.

இந்த ஆடியில் உண்மையாகவே கலியாணம் வந்திருந்தது. ஒரே மகள் கோபிகாவுக்கு வட்டுக்கோட்டையில் மாப்பிள்ளை. பிரவீணன் என்று பெயர், கச்சேரியில் அரசாங்க வேலை, சிரித்த முகம். பொருத்தம் பார்த்து, பெண் பார்த்து, கோபிகாவும் அவனும் போனில் கதைத்துக் கதைத்து ஒருவர் பெயரை மற்றவர் சொன்னாலே முகம் சிவக்கிற அளவுக்கு வந்தாயிற்று. ஆவணி பிறந்து முதல் நல்ல நாளில் கலியாண எழுத்து. பதிவுகாரர் வீட்டுக்கு வருவார். அதற்கு முதல் ஒரேயொரு காரியம் மிச்சம் இருந்தது. மாப்பிள்ளையின் தாய் சுவர்ணா, இளைப்பாறிய ரீச்சர், அதை வெகு மரியாதையாகச் சொல்லிவிட்டுப் போயிருந்தார். எழுத்துக்கு முதல் சீதனக் காணிக்கு உறுதி எழுதி முடிந்தால் இரண்டு பக்கத்துக்கும் நிம்மதிதானே என்றார். மரியாதையாகச் சொல்லப்படுகிற சொல்லுக்குத்தான் எங்கள் பக்கத்தில் மறுசொல் கிடையாது.

சீதனம் என்றால் இந்த வீடும், வீட்டுக்குப் பின்னால் இருக்கிற ஆறு பரப்புத் தோட்டமும், அதிலுள்ள கிணறும். தயாளினிக்கு அவளுடைய தாய் எழுதிக் கொடுத்தது. தாய்க்கு அவளுடைய தாய். இணுவில் செம்மண். வெங்காயம் வைத்தால் வெங்காயம், புகையிலை வைத்தால் புகையிலை. கலியாணம் முடித்து வந்த நாள் தொடக்கம் புருசன் குகதாசன் இங்கேதான் இருக்கிறார். அவருடைய தாய் குணலட்சுமி இரண்டு ஒழுங்கை தள்ளி இருக்கிறார். ஆனால் விடிந்தால் இங்கே, பொழுதுபட்டால் அங்கே.

நொத்தாரிசிடம் போவதற்கும் மாமி குணலட்சுமிதான் கூட வந்தார். மார்க்கண்டு நொத்தாரிசு மருதனார்மடத்தில் ஒரு சின்ன அறையில் இருந்து நாற்பது வருடமாக உறுதி எழுதுகிறவர். பழைய உறுதியை மூக்குக் கண்ணாடிக்குக் கிட்டப் பிடித்து வாசித்தார். எல்லை சரி, கிணற்றுப் பங்கு சரி, வழி வாய்க்கால் சரி என்றார். பிறகு நிமிர்ந்தார்.

"காணி உம்முடையது, பிள்ளை. அதிலை ஒரு சந்தேகமும் இல்லை. ஆனால் தேசவழமைச் சட்டத்திலை கலியாணம் முடிச்ச பொம்பிளை தன்ரை காணியை விக்கிறதெண்டாலும் குடுக்கிறதெண்டாலும் புருசன்ரை எழுத்துச் சம்மதம் வேணும். அவர் இஞ்சை வந்து ஒப்பம் வைக்கோணும்."

"அவர் தன்ரை காணியைக் குடுக்கிறதெண்டால் என்ரை ஒப்பம் வேணுமோ, ஐயா?"

"அது தேவையில்லை" என்று சொல்லிவிட்டு நொத்தாரிசு உறுதியை மறுபடி வாசிக்கத் தொடங்கினார்.

தன் புருசனுக்கு ஏலாமல் இருந்தால் என்ன செய்வது என்று தயாளினி கேட்டாள். அதற்கும் வழி இருக்கிறது என்றார் அவர். புருசன் கைவிட்டுப் போய்விட்டான், இருக்கும் இடம் தெரியாது, புத்தி சுவாதீனத்தில் இல்லை, அல்லது நியாயமில்லாமல் மறுக்கிறான் என்று மாவட்டக் கோட்டில் நீதிபதிக்குக் காட்டினால், கோடு அவனுடைய சம்மதம் இல்லாமலே அனுமதி கொடுக்கும். புத்தி சுவாதீனம் என்ற சொல் வந்ததும் மாமி கதிரையின் நுனிக்கு வந்துவிட்டார்.

"அவனுக்குப் புத்தியிலை ஒண்டுமில்லை, ஐயா. நரம்புத் தளர்ச்சி. கை கொஞ்சம் நடுங்கும், அவ்வளவுதான்."

"கை நடுக்கம்தானே? அப்ப கவலைப்படாதேங்கோ. பெருவிரலை வைக்கட்டும். நான் வாசிச்சு விளங்கப்படுத்துவன். அவருக்கு விளங்கினால் சரி."

நியாயமாகப் பார்த்தால் இந்தக் கதை அந்த அறையிலேயே முடிந்திருக்க வேண்டும். ஒரு மையும் ஒரு பெருவிரலும் போதும். குகதாசனுக்குக் கை நடுங்கினதே தவிர, பெருவிரல் உறுதியாகத்தான் இருந்தது. வாசித்தால் விளங்குகிற மனிதர்தான். மெதுவாக விளங்கும், ஆனால் விளங்கும்.

மாமிக்கு அது பிடிக்கவில்லை. வீடு வரும்வரை ஓட்டோவில் வாய் திறக்காமல் இருந்தவர், படலை சாத்தியதும் தொடங்கினார். அவன் ஏ.எல். படிச்சவன். கூட்டுறவுச் சங்கத்திலை கிளாக்காய் இருந்தவன். அவன்ரை ஒப்பத்தைப் பாக்கிறதுக்கெண்டே பழைய ரசீதை எடுத்து வைச்சிருந்த சனம் இருக்கு. அவன் பெருவிரல் வைக்கிறதோ? அந்த உறுதி நாளைக்குச் சுவர்ணாவின் கைக்குப் போகும், ரீச்சர் மனிசி, முதலில் ஒப்பத்தைத்தான் பார்ப்பா, ஏன் இந்த மனிசன் கைநாட்டு என்று கேட்பா, பிறகு எல்லாம் கேட்பா. மாமி சொன்னதில் பொய் இல்லை. கள்ளன் என்றால்கூட எங்கள் ஆட்கள் ஒரு மாதத்தில் மறந்துவிடுவார்கள். கைநாட்டு என்றால் மூன்று தலைமுறைக்கு மறக்க மாட்டார்கள்.

எல்லாம் என்று மாமி சொன்னது என்ன என்று தயாளினிக்குத் தெரியும். சண்டை ஓய்ந்து ஏ9 பாதை திறந்த வருடம், கோபிகாவுக்கு மூன்று வயது. அதற்கு ஒரு மாதம் முதலே குகதாசனுக்கு நித்திரை குறைந்திருந்தது. கதை கூடியிருந்தது. ஒரு நாள் காலையில் அவர் கிணற்றுக்கட்டில் போய் இருந்தார். மடியில் கொடுவாக்கத்தி. கிணற்றுக்குள் ஆரோ நஞ்சு போட்டுவிட்டார்கள், ஒருத்தரும் தண்ணீர் அள்ளக் கூடாது என்றார். அடிக்கவில்லை, பேசவில்லை, அன்பாகத்தான் சொன்னார். படலைக்கும் பூட்டுப் போட்டுவிட்டார். பெண்டாட்டியையும் பிள்ளையையும் காப்பாற்றுகிறாராம். இரண்டு பகலும் ஓர் இரவும் வீட்டில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. பிள்ளை முதல் நாள் அழுதது. இரண்டாம் நாள் அழக்கூட இல்லை, "அம்மா தண்ணி, அம்மா தண்ணி" என்று முனகிக்கொண்டே கிடந்தது. அன்று பின்னேரம் நாலு பேர் வேலி ஏறிக் குதித்து அவரைப் பிடித்து ஆசுப்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். கலியாணத்துக்கு முதலும் ஒருமுறை இப்படி வந்து தெளிந்தது என்று மாமி அப்போதுதான் வாய் திறந்தார். தயாளினி அதைப் பிறகு ஒருநாளும் கேட்டுச் சண்டை பிடிக்கவில்லை. குடங்களை நிரப்பி வைக்கத் தொடங்கினாள்.

அன்றிலிருந்து குளிசை. இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு இரண்டு வெள்ளைக் குளிசை, மாதம் ஒருமுறை கிளினிக். அவர் திரும்ப வந்தார், ஆனால் பாதிதான் வந்தார். நடை சுருங்கியது. கடைவாயில் எச்சில் ஒழுகியது. கை நடுங்கியது. சங்கத்து வேலை போனது. தோட்டத்தில் வாய்க்கால் கட்டி, ஒரு பாத்தி நிரம்ப அடுத்த பாத்திக்குத் தண்ணீர் மாறிவிடுகிற வேலையை மட்டும் மெதுவாகச் செய்வார். வெங்காயத்துக்கு நாலு நாளைக்கு ஒரு இறைப்பு என்ற கணக்கு அவருக்கு ஒருநாளும் பிழைத்ததில்லை. கோபிகா தகப்பனை நரம்பு வருத்தக்காரராகவே அறிந்து வளர்ந்தாள். அவரோடு இருந்து சீனி போடாத தேத்தண்ணி குடிப்பாள். அவருடைய வாயைத் துடைத்துவிடுவாள்.

ஆடிப்பிறப்பன்று மாமி குசினியில் கூழுக்குத் தேங்காய்ச் சொட்டு வெட்டிக்கொண்டு இருந்தார். தயாளினி பனங்கட்டியை உடைத்துப் போட்டாள். வெளியே சோளகக் காற்று வேலிக் கிடுகை அடித்துக்கொண்டு இருந்தது. விறாந்தையில் குகதாசன் கோபிகாவின் பழைய கொப்பியில் ஒப்பம் வைத்துப் பழகிக்கொண்டு இருந்தார். மாமியின் ஏற்பாடு. பக்கம் முழுக்கக் கோழி கிளறின மாதிரி இருந்தது. அவர் அதைப் பார்த்தார், பிறகு பேனையை மூடி வைத்துவிட்டுக் கையைச் சாரத்துக்குள் ஒளித்துக்கொண்டார். தயாளினி அதைக் கண்டாள்.

"குளிசைதான் பிள்ளை அவனுக்குக் கையை நடுக்கிறது" என்றார் மாமி, சொட்டு வெட்டுகிற கத்தியில் இருந்து கண் எடுக்காமல். "கிளினிக்கிலை மருந்து குடுக்கிற பிள்ளையே சொன்னதுதானே. ரண்டு கிழமைக்கு நிப்பாட்டிப் பார். கை நேராய் வந்திடும். ஒப்பத்தை வைச்சிட்டு அண்டு பின்னேரமே திருப்பித் தொடங்குவம்."

"வேண்டாம், மாமி."

"இருவது வரியத்துக்கு மேலை விழுங்கினது உடம்பிலை ஊறிக் கிடக்கும். ரண்டு கிழமையிலை என்ன வரப்போகுது?"

"நீங்கள் அந்த ரண்டு நாளும் இஞ்சை இருக்கேல்லை. நான் இருந்தனான்."

மாமி கத்தியை வைத்தார். "நான் பெத்தனான், பிள்ளை. ஒண்டு, கோட்டுக்குப் போ. போய், என்ரை புருசனுக்கு விசர் எண்டு சத்தியக்கடதாசி குடு. அதை அவங்கள் சபையிலை வாசிப்பாங்கள். விசரன்ரை பிள்ளையை ஆர் எடுக்கப்போறாங்கள்? இல்லாட்டி நான் சொல்லுறதைக் கேள். மூண்டாம் வழி இருந்தால் நீ சொல்லு."

மூன்றாம் வழி பெருவிரல். அதைச் சொல்லத் தயாளினியின் வாய் உன்னியது. ஆனால் அவளும் இந்த மண்ணில் பிறந்தவள்தானே. உறுதியின் அடியில், தன் பெயருக்குக் கீழே, ஒரு மைப் பொட்டு இருக்கிறதை நினைத்துப் பார்த்தாள். சொல்லாமல் விட்டாள். பிற்பாடு அவள் தன்னை மன்னிக்காமல் இருந்தது இந்த இடத்துக்குத்தான். மாமி தள்ளினார் என்பது உண்மை. தள்ளினவுடன் விழுவதற்கு அவளும் ஆயத்தமாக இருந்தாள் என்பதும் உண்மை.

அன்று இரவு அவர் கையை நீட்டினபோது இரண்டு விற்றமின் குளிசையை வைத்தாள். அதுவும் வெள்ளை. அவர் பார்க்காமல் வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தார்.

ஐந்தாம் நாள் எச்சில் நின்றது. ஏழாம் நாள் தேத்தண்ணிக் கோப்பை தட்டில் சத்தம் போடவில்லை. எட்டாம் நாள் அவர் முற்றத்தில் நின்று, "தயா, இந்த மல்லிகைக்கு ஒரு பந்தல் போட்டால் என்ன?" என்று கேட்டார். அவர் தயா என்று கூப்பிட்டு எவ்வளவோ காலம். அடுப்படியில் நின்ற தயாளினி அகப்பையைப் பிடித்தபடி அழுதாள். அது சந்தோசம்தான், வேறொன்றும் இல்லை. பந்தல் போட்டார். படலையின் பிணைச்சலுக்கு எண்ணெய் விட்டார். கோபிகாவோடு பகிடி பண்ணினார். மாப்பிள்ளைப் பொடியன் தண்ணீர் மாறப் பழகினவனோ என்று கேட்டார். இப்படி ஒரு தகப்பன் தனக்கு இருந்தாரா என்று கோபிகா வாயைப் பிளந்துகொண்டு நின்றாள். மாமி மருமகளைப் பார்த்தார். பார்த்தாயா என்ற பார்வை.

இவ்வளவு காலமும் நான் அநியாயமாக ஒரு நல்ல மனிதனை மருந்தால் கட்டி வைத்திருந்தேனோ என்று தயாளினிக்குத் தோன்றியது. அந்த எண்ணம் ஒரு இரண்டு நாள் நின்றது.

பத்தாம் நாள் அவள் எழும்பிப் பார்க்க, இருள் பிரிய முதலே அவர் தோட்டத்தில் நின்றார். இறைக்கிற மிசின் ஓடிக்கொண்டு இருந்தது. முந்தின நாள்தான் வெங்காயத்துக்கு இறைத்தது. அவள் போய்ச் சொன்னாள். அவர் மண்வெட்டியை ஊன்றி நின்று, சிரித்துக்கொண்டு, தண்ணீரைப் பார்க்கத்தான் இறைக்கிறேன் என்றார். அடுத்த நாளும் இறைத்தார். அதற்கடுத்த நாளும். பாத்திகளில் தண்ணீர் வற்றாமல் நின்றது. வெங்காயத் தாள் நுனியில் மஞ்சள் விழுந்தது. பகலில் மூன்று நாலு தரம் கிணற்றுக்கட்டில் குனிந்து நின்று உள்ளே பார்த்தார். என்ன பார்க்கிறீர்கள் என்று கேட்டால், சும்மா என்பார். கேள்விக்கும் பதிலுக்கும் நடுவில் சிறிது நேரம் எடுத்தது.

தயாளினி பதினோராம் நாளே நொத்தாரிசுக்குப் போன் பண்ணி நாளை முன்னுக்கு எடுக்கக் கேட்டாள். ஏலாது, ஆடி பதினாலுதான் என்றார் அவர்.

பதினாலாம் திகதி குகதாசன் வெள்ளைச் சேட்டுப் போட்டு, திருநீறு பூசி, ஓட்டோக்காரன் சந்தியோகுவிடம் வீதி விசாரித்துக்கொண்டு வந்தார். சந்தியோகுவும் நொத்தாரிசின் கிளாக்கும் சாட்சி. குகதாசனுக்குத் தண்ணீர் கொடுத்தபோது வேண்டாம் என்றார். அதைத் தயாளினி மட்டும்தான் கவனித்தாள். நொத்தாரிசு உறுதியை முதலில் இருந்து வாசித்தார். குகதாசன் கையைக் கட்டிக்கொண்டு முழுக்கக் கேட்டார். வாசித்து முடிந்ததும் பேனையை எடுக்கவில்லை.

"ஒரு கேள்வி, ஐயா. இது தயாவின்ரை காணிதானே?"

"ஓம். சீதனமாய் வந்தது."

"குடுக்கிறது அவ. வாங்கிறது மகள். நடுவிலை என்ரை ஒப்பம் ஏன்?"

மாமி கதிரையில் அசைந்தார். நொத்தாரிசு சிரித்துவிட்டார். சட்டம் அப்படித்தான் இருக்கிறது, புருசனுடைய சம்மதம் இல்லாமல் பெண்டாட்டி தன் காணியைத் தொட ஏலாது என்று விளக்கினார்.

"அவவின்ரை காணியிலை நான் இருக்கிறன். அவ தாற சோத்தைத் தின்னிறன். அவ தாற குளிசையை விழுங்கிறன். பிறகும் நான் ஓமெண்டால்தான் அவ குடுக்கலாமோ?" குகதாசன் தலையை ஆட்டினார். "அப்ப சட்டத்துக்குத்தான், ஐயா, கொஞ்சம் சுகமில்லை."

அறையில் எல்லாரும் சிரித்தார்கள். சந்தியோகு தொடையில் தட்டினான். தயாளினி சிரிக்கவில்லை. இத்தனை வருடத்தில் இந்தக் காணியைப் பற்றி நியாயமாகக் கதைத்த ஒரே மனிதர் இவர்தான் என்று நினைத்தாள். அதேநேரம் அவருடைய முழங்கால் மேசைக்கு அடியில் நிற்காமல் ஆடிக்கொண்டு இருப்பதையும் கண்டாள்.

"எனக்காக வையுங்கோ" என்றாள்.

அவர் அவளைப் பார்த்தார். பிறகு ஒப்பம் வைத்தார். பழைய ஒப்பம், சங்கத்து ரசீதில் இருந்த அதே சுழி, அதே நீண்ட வால். நொத்தாரிசு அதை ஒருமுறை பார்த்துவிட்டு, இந்தக் காலத்தில் இப்படி ஒரு எழுத்தோ என்றார். மாமியின் முகம் பூரித்தது. நொத்தாரிசு பிறகு தன் அத்தாட்சியை எழுதி, அதையும் வாசித்தார். மேற்படி குகதாசன் தனக்குத் தெரிந்தவர், உறுதி அவருக்கு வாசித்து விளக்கப்பட்டது, அவர் அதை நன்கு விளங்கிக்கொண்டு சாட்சிகள் முன்னிலையில் ஒப்பம் வைத்தார்.

"அந்தக் கடைசிப் பக்கத்தின்ரை போட்டோக்கொப்பி ஒண்டு எனக்குத் தர ஏலுமோ?" என்று குகதாசன் கேட்டார்.

அன்று இரவு தயாளினி உண்மையான குளிசையை எடுத்துக்கொண்டு வந்தாள். அவர் கையை நீட்டி வாங்கினார். விழுங்கவில்லை. உள்ளங்கையில் வைத்து விரலால் உருட்டினார்.

"இது பழசு. இவ்வளவு நாளும் நீர் தந்தது விற்றமின்."

கொண்டுவந்த தண்ணீரைத் தயாளினி மேசையில் வைத்தாள்.

"ரண்டாம் நாளே எனக்குத் தெரியும், தயா. பழைய குளிசை மாதிரி நாக்கு வழுவழுக்கேல்லை. நீர்தான் கடைசியிலை கண்டுபிடிச்சீர், எனக்கு ஒண்டுமில்லை எண்டு. சந்தோசமாயிருந்தது." அவர் குளிசை இரண்டையும் திரும்பச் சரைக் கடதாசியில் கவனமாக வைத்து, அவளிடம் கொடுத்தார். சேட்டுப் பையைத் தொட்டார். "இனி இது வேண்டாம். விளங்கிக்கொண்டார் எண்டு முத்திரை குத்தித் தந்திருக்கு."

அடுத்த நாள் சோற்றில் தூளாக்கிப் போட்டுப் பார்த்தாள். அவர் ஒரு வாய் வைத்துவிட்டுச் சோற்றுக்கோப்பையைத் தள்ளினார். அதன் பிறகு அவள் சமைத்த எதையும் தொடவில்லை. கடையில் பாணும் வாழைப்பழமும் வாங்கித் தானே தோல் உரித்துச் சாப்பிட்டார். மாமி கொடுத்ததையும் தொடவில்லை.

இனிக் கிளினிக்குக்குச் சொல்ல வேண்டும் என்று தயாளினி மாமியிடம் சொன்னாள். அவர்கள் வாகனத்தில் வந்து கொண்டுபோவார்கள். மாமி வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டு இருந்தார்.

"சொல்லி? எப்ப இருந்து வருத்தம் எண்டு கேப்பினம். ஆடிப்பிறப்பிலை இருந்து எண்டு எழுதுவினம். உறுதி எழுதினது பதினாலாந் திகதி. வருத்தக்காரன் வைச்ச ஒப்பம் நிக்குமோ, பிள்ளை? நாளைக்கு ஆராவது கேட்டால் உறுதியும் போம், கலியாணமும் போம். இனி அவனுக்கு விசர் எண்டு உன்ரை வாயாலை வரக்கூடாது. நீயே கூட்டிக்கொண்டு போய் விளக்கம் இருக்கெண்டு ஒப்பம் வைப்பிச்சனி." குரல் தாழ்ந்தது. "பதினெட்டு நாள். எழுத்து முடியட்டும். பதினெட்டு நாள் பொறு."

தயாளினி பொறுத்தாள். நாளை எண்ணிப் பொறுத்தாள். கோபிகா விடிய வேலைக்குப் போய்ப் பொழுதுபட வருவதால் அவளுக்கு எல்லாம் தெரியவில்லை. அப்பா ஏன் மெலிகிறார் என்று கேட்டாள். கலியாண யோசனை என்று தாய் சொன்னாள். நாலாம் நாள் அவர் மாட்டுக்கொட்டில் தகரம் இரண்டைக் கழற்றிக் கிணற்றை மூடினார். தூசி விழும் என்றார். ஐந்தாம் நாள் தோட்டத்தில் இருந்து ஒரு புளித்த மணம் வீட்டுக்குள் வந்தது. தயாளினி போய் ஒரு முடி வெங்காயத்தைப் பிடுங்கினாள். தாள் மட்டும் கையோடு வந்தது. வெங்காயம் மண்ணுக்குள்ளேயே கூழாகிக் கிடந்தது. பன்னிரண்டு பாத்தியும் அப்படித்தான். அவள் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வந்தாள். இன்னும் பதின்மூன்று நாள் என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டாள்.

ஆறாம் நாள் சனிக்கிழமை. கோபிகா அரைநாள் வேலைக்குப் போயிருந்தாள். தயாளினி சேலைக்குப் பிளவுஸ் அளவு கொடுக்க யாழ்ப்பாணம் போய், பன்னிரண்டு மணி வெயிலில் திரும்பி வந்தாள். படலை எண்ணெய் விட்டபடியால் சத்தம் இல்லாமல் திறந்தது. முற்றம் முழுக்க ஈரமாக இருந்தது.

அவளுடைய குடங்கள் எல்லாம் முற்றத்தில் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தன. குசினி வாசல் குடம் மூன்று, அடுப்படிக் குடம் இரண்டு, நீலப் பீப்பா, கேத்தில், சாமியறைச் செம்பு, எல்லாம் கழுவித் துடைத்து, பெரிதில் இருந்து சிறிதாக ஒரே வரிசையில். தாங்கியின் குழாய் திறந்து கிடந்து, கடைசித் துளியும் வடிந்து முடிந்திருந்தது. மோட்டர் வயர் அறுத்து வளையமாகச் சுற்றி ஆணியில் கொழுவப்பட்டிருந்தது. குகதாசன் கிணற்றுக்கட்டில் தகரத்துக்குப் பக்கத்தில் இருந்தார். குளித்திருக்கவில்லை. சேட்டு மட்டும் அந்த வெள்ளைச் சேட்டு. மடியில் கொடுவாக்கத்தி.

"பயப்பிடாதையும், தயா" என்றார். "எல்லாத்தையும் ஊத்திப்போட்டன். இண்டையிலை இருந்து ஒருத்தரும் அள்ள வேண்டாம். படலையைப் பூட்டிப்போட்டு வாரும்."

குரலில் அதே அன்பு இருந்தது. இருபத்துமூன்று வருடமாக அவள் நிரப்பி வைத்த தண்ணீர் முழுவதும் செம்மண்ணில் ஊறிக்கொண்டு இருந்தது. எண்ணினாள். இன்னும் பன்னிரண்டு நாள். பன்னிரண்டு நாள் என்றால் எத்தனை குடம் என்றுதான் அந்த நேரத்திலும் அவளுடைய மனம் கணக்குப் பார்த்தது.

பின்னால் படலை திறந்தது. கோபிகா. வெயிலில் சைக்கிள் உழக்கி வந்த முகம் சிவந்து கிடந்தது. தலையில் துவாய். அவள் முற்றத்தைப் பார்க்கவில்லை, தகப்பனையும் பார்க்கவில்லை. பையை விறாந்தையில் போட்டாள்.

"அம்மா, தண்ணி கொஞ்சம் தாங்கோ" என்றாள்.

தயாளினிக்கு அந்தச் சொல்லுக்குப் பிறகு வேறொன்றும் கேட்கவில்லை. மாமி சொன்னது, சுவர்ணா சொன்னது, ஒன்றும். கைப்பைக்குள் இருந்து போனை எடுத்தாள். கிளினிக் நம்பர் அவளுக்குப் பாடம். அடித்தது. மூன்றாம் முறை அடிக்க ஒரு பெண்பிள்ளை எடுத்து, என்ன விசயம் என்று கேட்டாள். ஜெயனி வேலிக்கு அங்கால் உடுப்புக் காயப்போட்டுக்கொண்டு நின்றாள். தயாளினி குரலைத் தாழ்த்தவில்லை.

"என்ரை மனுசனுக்குச் சுகமில்லை. பழைய வருத்தம் திரும்ப வந்திட்டுது. வாகனத்தோடை வாங்கோ. கையிலை கத்தி இருக்கு."

எப்போது தொடக்கம் குளிசை போடவில்லை என்று அந்தப் பிள்ளை கேட்டாள்.

"ஆடிப்பிறப்பிலை இருந்து."

ஆர் நிற்பாட்டினது என்று கேட்டாள்.

"நான்தான்" என்றாள் தயாளினி.

வேலிக்கு அங்கால் ஜெயனியின் கை கொடியிலேயே நின்றது. கோபிகா அப்போதுதான் முற்றத்தைப் பார்த்தாள். கவிழ்ந்த குடங்களையும் கிணற்றுக்கட்டையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு, தாயின் சேலைத் தலைப்பைப் பிடித்தாள். மூன்று வயதில் பிடித்த மாதிரி.

குகதாசன் எழும்பினார். கத்தியைக் கிணற்றுக்கட்டில் வைத்தார். நடந்து வந்து, நாலடி தூரத்தில் நின்று, சேட்டுப் பையில் இருந்து போட்டோக்கொப்பியை எடுத்தார். வியர்வையில் ஊறி மடிப்பெல்லாம் கிழிந்திருந்தது. அதை இரண்டு கையாலும் விரித்து அவளுக்கு நேரே பிடித்தார். கை துளியும் நடுங்கவில்லை.

"இதிலை அப்பிடி எழுதேல்லையே, தயா" என்றார்.

போனில் அந்தப் பிள்ளை முகவரி கேட்டுக்கொண்டு இருந்தாள். தயாளினி அவருடைய முகத்தைப் பார்த்தபடியே முகவரியைச் சொன்னாள்.